நீர்நிலை காத்தல் – 9: பாலாற்று மணலுக்கு அடியில்

கண்ணுக்குப் புலப்படும் ஏரிகளையும் குளங்களையும் பற்றியே சென்ற வாரங்களில் பேசி வந்தோம். இவ்வாரம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு நீர்நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நந்தி மலையில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு கோடியைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டில் புகுந்து, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆகிய ஊர்களின் அருகாகச் சென்று வயலூரில் கடலை அடைகிற பாலாறு, ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல்வெளியாகவே காட்சி தருவது. ஆனால் ஆற்றில் நீர் இல்லை என்று அங்குள்ள முதியவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. மணலுக்கு அடியில் ஒரு பிரவாகம் மிக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதையும், அதுவே தங்கள் ஜீவாதாரம் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கோடைக்காலத்தில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கும் பெண், முழங்கை ஆழத்துக்கு மணலைக் கையால் விலக்கிப் பள்ளம் பறிப்பாள். முதலில் சுரக்கும் கலங்கல் நீரை இரண்டு மூன்று முறை இறைத்து வெளியே கொட்டிவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால், பள்ளத்தின் பக்கங்களிலிருந்து கசிந்து வந்து தேங்கும் நீர் அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்து நிற்கும். அதைச் சொம்பால் மொண்டு, குடத்தின் வாயில் துணியிட்டு வடிகட்டி எடுத்துச் செல்வாள். பருப்பு வேக அந்த நீரே வேண்டும் என்பது அவ்வட்டாரத்து அடுக்களைகளில் பிரசித்தம். இதே ஊற்றைக் கால்வாயாக வெட்டி ஊற்றுக்கால் என்று பெயரிட்டு வயலுக்குப் பாய்ச்சினார்கள். பின்னாளில் படுகையில் உறைகிணறுகளை இறக்கி நகரங்களுக்கும் அனுப்பினார்கள். எந்த எஞ்சினீயரும் கட்டாத இந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. மணல் பிடித்து நிறுத்தவல்லது சேற்றையும் பல கிருமிகளையுமே. நீரில் கரைந்துவிட்ட உப்பை அது தடுக்காது.

இந்தப் படுகையின் ஓரத்தில்தான், நீர் எளிதில் கிடைக்கும் என்ற காரணத்தினாலேயே, தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழில் அது. ஆம்பூர் காலணிகள் கடல் கடந்து சென்று நம் நாட்டுக்குப் பொருள் ஈட்டித் தந்ததை மறுப்பவர் எவரும் இலர். அத்தொழிலில் உழைப்பவர்களே அந்த நீரையும் குடிக்கிறவர்கள் ஆதலால், தொழிலின் க்ஷேமம் ஒரு பக்கம், நீரின் க்ஷேமம் மறுபக்கம் என்று ஊரை இரண்டாகப் பிரித்துப் பேசுவது நியாயமும் ஆகாது.

உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைத் தடவுகிறார்கள். தொழிற்சாலைக்கு வந்து சேரும் தோலை மரச்சட்டத்தின்மேல் போட்டு நன்றாக உதறினால், அந்த உப்பில் ஒரு பகுதி கெட்டியாகவே கீழே உதிர்ந்துவிடும். அதைக் கூட்டி அள்ளித் தனியே வைத்துவிடலாம். உதறாமல் நேரே ஊறவைக்கும் தொட்டியில் இட்டால் அத்தனையும் நீரோடு கலந்துவிடுகிறது. பின்னர் மயிர் நீங்கச் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்கின்றன. ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிட்ட காலம் மாறி, 1970களுக்குப் பின் குரோம உப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பல கிராமங்களில் கிணற்று நீர் நிறம் மாறியது. நிறம் மாறாத கிணறுகளிலோ சுவை மாறியது. தென்னை காய்ப்பு ஓய்ந்தது. சோப்பு நுரைக்க மறுத்தது. நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்தார்கள்.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு இந்தக் கட்டத்தில் பிறந்ததே. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 28.8.1996 அன்று அளித்த தீர்ப்பைப் படிக்குந்தோறும் மனம் கனக்கிறது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை அது எடுத்துரைக்கிறது. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் ஆராய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்ததையும் பதிவு செய்கிறது. தீங்கு நேரும் என்பது ஐயமற நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்பதும், கெடுத்தவனே அதற்குரிய கிரயத்தைச் செலுத்தவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் அங்கங்கள் என்று அத்தீர்ப்பு பிரகடனம் செய்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் தேதிக்குள் சுத்திகரிப்புக்கு வழி செய்தாக வேண்டும் என்று கெடுவும் விதித்தது.

ஆயினும் அத்தீர்ப்பில் என் சிந்தையை மிகவும் கவர்ந்தது, அது சுட்டிக்காட்டும் ஒரு பழைய அரசாணைதான். கடுமையான மாசை விளைவிக்கும் தொழிற்சாலை எதையும் ஆறு, ஓடை, அணை இவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் புதிதாக அனுமதிக்கலாகாது என்று தமிழ்நாட்டு அரசே 1989 மார்ச் மாதத்தில் ஆணையிட்டிருந்தது. அந்த ஆணையின் சிறப்பைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். ஆலையின் குழாய் வாயில் நின்றுகொண்டு, வெளியேறும் நீரில் இன்ன பொருள் இத்தனை மில்லிகிராம் இருக்கலாம் என்று பேரம் பேசும் சட்டம் அன்று அது. நீர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து, அங்கிருந்து அளவுகோலை நீட்டிக் கோடு கிழித்த சட்டம். குடிநீர் ஆதாரத்தைக் காப்பதற்கு இதைக் காட்டிலும் உத்தமமான உபாயம் எனக்குத் தெரியவில்லை. துரதிருஷ்டம் என்னவெனில், அக்கோடு கிழிக்கப்படுவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் அதற்கு உட்புறத்தில் வேரூன்றிவிட்டன.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தோன்றிய பிறகு குரோமியத்தின் பெரும்பகுதியை வண்டலாக இறக்க முடிந்தது என்பது உண்மைதான். உப்பு அவ்வாறு இறங்கி வரவில்லை. அதை நீரிலிருந்து பிரிக்க வேண்டுமானால், சவ்வுகளின் வழியே நீரை அழுத்திச் செலுத்தி, எஞ்சிய செறிந்த நீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும்; அதற்கு மின்சாரமும் விறகும் பொருளும் ஏராளமாகச் செலவாகும்; இவ்வளவும் செய்து முடித்தபின் கையில் நிற்கும் கலப்பு உப்பை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மரச்சட்டத்தின்மேல் உதறியிருந்தால் துடைப்பத்தால் கூட்டி அள்ளியிருக்கக்கூடிய பொருள் அது! ராணிப்பேட்டையில் 1995ல் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல், மலையாகக் கிடந்து மழைதோறும் மஞ்சள் நீரைக் கசியவிட்டது. அதே ஊரில் 2015 ஜனவரி இறுதியில், சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டல் தொட்டிச் சுவர் நள்ளிரவில் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். நீரிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சும் எங்கேயோ ஓரிடத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும் என்பதை அந்தப் பத்துக் குடும்பங்களும் அறியும்.

இதற்கிடையில் காவிரி நீர் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து நெடுந்தூரம் குழாய் வழியே வேலூர் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது. தாகத்தால் தவித்த மக்களுக்கு அது பெரும் உபகாரம்; அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் குழாய் வந்த ஊரில், காலடியில் கிடக்கும் கிணறு கெட்டால் என்ன என்ற அலட்சியமும் கூடவே வந்துவிடுகிறது. குழாய் வராத நாளில் அவ்வூர் மீண்டும் அந்தக் கிணற்றையே நாடுகிறது. மாடும் கன்றும் தோட்டமும் எந்நாளும் அதையே நம்பியிருக்கின்றன. மேலும், தன் ஊற்றைக் கெடவிட்ட ஊர் பிறிதோர் ஆற்றின் நீரைப் பங்கு கேட்க நேரும்போது, அந்த ஆற்றங்கரையில் இருப்பவர்களின் பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது.

2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பு வழங்க நேர்ந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு வழங்கி, அத்தொகையைக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலிக்கவேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீர்செய்யும் பணியைக் கண்காணிக்க வேண்டும் என்றும் அது பணித்திருக்கிறது. முதல் வழக்குத் தொடுக்கப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு இப்போது 30 வயது கடந்துவிட்டது.

நீதிமன்றம் செய்யக்கூடியது இவ்வளவு. கிராமம் தானே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி அளித்து, சோதனைப் பெட்டியும் தருகிறார்கள். குரோமியத்தை அறிய ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டுமாயினும், உப்பின் அடையாளமாகிய குளோரைடை அந்தப் பெட்டியைக் கொண்டே அளந்துவிடலாம். குழாய் நீரை மட்டும் சோதித்துத் தாளை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவதோடு நில்லாமல், படுகையை ஒட்டிய ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி ஏடு வைத்து, மாதந்தோறும் அளவைக் குறித்து, அதைக் கிராம சபையில் உரக்க வாசிக்கவேண்டும். எந்தக் கிணற்றில் எந்த மாதம் அளவு ஏறத் தொடங்கியது என்பது அந்த ஏட்டில் இருந்தால், நாக்கு கரிப்பை உணரும் முன்பே, எந்தத் திசையிலிருந்து உப்பு வருகிறது என்று கேட்டு ஆட்சியர் அலுவலகப் படியேற அந்த ஐந்து பெண்களின் கையில் சாட்சி இருக்கும்.

(தொடரும்)