வெறும் மண் ஓய்வதில்லை

தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் காவிரிப் படுகையின் வயல்களில் தாள் மட்டும் மிஞ்சுகிறது. அறுப்புக்கு முன்பே உளுந்தோ பயறோ தெளித்த வயல் என்றால் பங்குனி வரை பச்சை தெரியும். தெளிக்காத வயலை அடுத்த தண்ணீர் வரும்வரை 'நிலம் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். அந்த மாதங்களில் மண்ணுக்குள் நடப்பதைப் பார்த்தால் ஓய்வு என்று சொல்ல மனம் வராது. அது பட்டினி.

செடி வெயிலில் தயாரிக்கும் சர்க்கரை முழுவதும் தண்டுக்கும் இலைக்கும் போவதில்லை. கணிசமான பங்கு வேர் வழியே மண்ணில் கசிகிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம், வழவழப்பான பசை என்று பலவும் அதில் உண்டு. வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டர் மண்ணில் பாக்டீரியாவும் பூசணமும் மொய்ப்பது இந்தத் தீனிக்காகத்தான். அவை சுரக்கும் பசையும் பூசண இழைகளும் மண் துகள்களைச் சிறு சிறு குருணைகளாகச் சேர்த்துப் பிடிக்கின்றன. குருணைகளின் இடைவெளியில்தான் காற்றும் தண்ணீரும் நடமாட முடியும். வேர் செத்தால் தீனி நின்றுபோகும். பசித்த நுண்ணுயிர்கள் மண்ணில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மட்கைத் தின்னத் தொடங்கும். குருணையைப் பிடித்திருந்த பசையும் கரையும். மேலே சித்திரை வெயிலில் வெற்று மண்ணின் சூடு 50 பாகையைத் தாண்டும். பிறகு கோடை மழை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் பெரிய துளிகள் குருணைகளை உடைக்கின்றன. தூளான மண் துளைகளை அடைக்கிறது. மேற்பரப்பு ஓடாக இறுகி மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது.

இந்தப் பட்டினி அடுத்த பயிரையும் தாக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள டார்லிங் டவுன்ஸ் என்ற கரிசல் சமவெளி சாட்சி. ஓராண்டுக்கும் மேல் தரிசாகப் போட்டு, களையே இல்லாமல் பாதுகாத்து, ஈரமும் சேர்த்துவைத்த நிலத்தில் விதைத்த சூரியகாந்தியும் மக்காச்சோளமும் அங்கே நோஞ்சானாக வளர்ந்தன. மணிச்சத்தும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்கவில்லை. நம் விவசாயிகள் 'வேம்' என்று கேட்டு வாங்கும் வேர் உட்பூசணம் அந்த மண்ணில் அருகிப்போயிருந்தது என்று 1987இல் தாம்சன் என்ற விஞ்ஞானி விளக்கினார். அந்தப் பூசணம் உயிருள்ள வேரில் மட்டுமே வளரும். வேர் இல்லாத ஓராண்டில் அது தளர்ந்துவிட, பயிருக்குச் சத்தைக் கொண்டுவந்து சேர்க்க ஆளில்லை.

ஆகவே இரண்டு சாகுபடிக்கு நடுவில் ஏதாவது ஒரு வேர் மண்ணில் இருக்க வேண்டும். நெல் வயலுக்கு நான் முதலில் சொல்வது தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் பயிர். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். ஒரு கோடை மழையில் முளைத்து, 45 நாளில் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிடும். சணப்பும் கொழுஞ்சியும் நல்லவைதான். ஆனால் தேங்கிய தண்ணீரையும் உப்பையும் தக்கைப்பூண்டு அளவுக்கு அவை தாங்குவதில்லை.

ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. இந்த நிறத்துக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் எனக்கு இன்றும் வியப்புதான். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்றாலும் அதன் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் எந்தச் செடியாலும் அதைத் தொட முடியாது. உரத் தொழிற்சாலையில் அதைப் பிரிக்க 400 பாகைக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் தேவை. வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா அதையே வயலின் வெப்பத்தில், நைட்ரஜினேஸ் என்ற நொதியால் செய்துமுடிக்கிறது. ஆனால் ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் பாக்டீரியா மூச்சு விட முடியாது. இந்தச் சிக்கலைச் செடி தீர்க்கும் வழி, நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம். முடிச்சுக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, அளந்து அளந்து பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. கிள்ளிய முடிச்சில் தெரிந்த சிவப்பு அதுதான். உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று பொருள்.

நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஹெக்டேருக்கு 60 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து தரும். 45 கிலோ யூரியா மூட்டை மூன்றில் இருக்கும் சத்து அது.

ஆனால் செடியைப் பச்சையாகவே மண்ணுக்குள் மடக்கி உழும் நாள் தவறக்கூடாது. நுண்ணுயிரின் உடலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பங்கு கரிமம் உண்டு. தின்னும் கரிமத்தில் பெரும்பகுதியை அது மூச்சாக விட்டுவிடுவதால், ஒன்றுக்கு 25 என்ற விகிதத்தில் இருக்கும் தழை அதற்குச் சரியான உணவு. பூக்கும் தறுவாயில் தக்கைப்பூண்டு அதற்குள் அடங்கும்; மிஞ்சும் தழைச்சத்து நெல்லுக்குக் கிடைக்கும். வைக்கோலில் இந்த விகிதம் 60க்கும் மேல். செடியை முற்றவிட்டாலும் தண்டு நாராகி அந்தப் பக்கம் போய்விடும். அப்போது நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணில் இருக்கும் சத்தையே எடுத்துக்கொள்ள, நட்ட நாற்று வெளுத்து நிற்கும். மடக்கி உழுத உடனேயும் நடக்கூடாது; முதல் அழுகல் அடங்க ஒரு வாரம் பத்து நாள் விட வேண்டும்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் கடல்நீர் ஏறிய வயல்களை மீட்க விவசாயிகள் விதைத்ததும் தக்கைப்பூண்டைத்தான். நம்மாழ்வார் போன்ற இயற்கை வேளாண் முன்னோடிகள் துணைநின்றார்கள். வெற்று மண் காயும்போது ஈரத்தோடு உப்பும் மேலேறி வரும். செடியின் நிழல் அதைத் தணிக்கிறது. வேர்கள் இறங்கிய வழியில் மழைநீர் இறங்கி உப்பைக் கழுவுகிறது. தழை மட்கும்போது வெளிவரும் கரியமில வாயு நீரில் கலந்து மென்மையான அமிலமாகி, மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கிறது. அதிலிருந்து வரும் கால்சியம், களிமண்ணைப் பற்றியிருக்கும் சோடியத்தைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இவ்வளவு நன்மை இருந்தும் எல்லா வயலிலும் தக்கைப்பூண்டு ஏன் இல்லை என்றால், விவசாயி சொல்லும் காரணங்கள் நியாயமானவை. ஆடு மாடு அவிழ்த்துவிடும் பருவத்தில் தன் வயல் மட்டும் பச்சையாக இருந்தால் மிஞ்சாது. மானாவாரியில் இந்தச் செடி குடிக்கும் ஈரம் அடுத்த பயிருக்குக் குறைந்துவிடலாம். அங்கே சீக்கிரமே மடக்கி உழுவதுதான் சரி. மானிய விலையில் அரசு கொடுக்கும் பசுந்தாள் விதையும் நேரத்துக்கு வர வேண்டும். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்குமானால், 45 நாள் வளர்ச்சியையும் மட்கும் நாட்களையும் கழித்து, சித்திரை முதல் மழைக்கு முன்பே அந்த விதை மூட்டை வீட்டில் இருந்தாக வேண்டும்.