ஊர்த்தேன் மருந்தா?

திருப்போரூரில் எங்கள் தெருவில் யாருக்கு இருமல் வந்தாலும் முதலில் தேடுவது தேன் பாட்டிலைத்தான். அந்தப் பழக்கம் சரியானதே. தேன் தொண்டையில் படர்ந்து எரிச்சலைத் தணிக்கும். சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாட்டிக்கைத் தேடாமல் தேனைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2018இல் சொன்னது.

ஆனால், "நம்ம ஊர்த் தேன் சாப்பிட்டா தும்மல், அலர்ஜி போயிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லும்போது எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 36 பேரிடம் இதைச் சோதித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். உள்ளூர்த் தேன், கடைத் தேன், தேன் சுவையூட்டிய சர்க்கரைப் பாகு, மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் எளிது: தும்மலைக் கிளப்புவது பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல், மர மகரந்தம். தேனீ சுமப்பதோ பூவில் ஒட்டும் கனத்த மகரந்தம்.

தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரைதான். கொம்புத்தேனோ மலைத்தேனோ, சர்க்கரை நோயாளிகளுக்கு எதிலும் விலக்கு இல்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் ஒரு துளிகூடத் தடவாதீர்கள். அதிலிருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் தசைகளையே செயலிழக்கச் செய்யும்.

பிறகு ஏன் ஊர்த்தேன் வாங்க வேண்டும்? எடுத்தவரை நேரில் கேட்டு வாங்கலாம். சர்க்கரைப் பாகு கலந்த தேன் பற்றிய பயம் குறையும். வேம்பும் புங்கமும் நிற்கும் நம் மண்ணில் தேனீயும் பிழைக்கும். எனக்கு இந்தக் காரணங்களே போதும்.