பெரிய பிக்கப்பை விட்டுச் சிறிய லொறிக்கு மாறுதல்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் செலவும், விதைச் செலவு உரச் செலவுகளைப் போலவே, கமக்காரரின் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியதாகும். உரத்தின் விலையை நாவில் வைத்திருப்போர் பலர். வண்டியின் செலவை எழுதி வைத்திருப்போர் சிலரே. 2021 ஆம் ஆண்டு திசெம்பர் மாத இறுதியில் லீற்றர் 121 ரூபாவாயிருந்த டீசல், 2022 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. அக்காலந் தொட்டு, நான்கு சில்லுகளும் இயங்கும் பெரிய பிக்கப் வண்டியை விற்று, ‘பட்டா’ என வழங்கும் சிறிய லொறியை வாங்கலாமா என்று கமக்காரர் எம்மிடம் வினவி வருகின்றனர். இவ்வினாவுக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

பெரிய பிக்கப்பின் வெறும் பாரம் ஏறக்குறைய 2000 கிலோ. அது சுமக்கக் கூடியது ஏறக்குறைய 1000 கிலோ. சிறிய லொறியின் வெறும் பாரம் 1000 கிலோவுக்கும் குறைவு. அது சுமப்பதோ 750 கிலோ அளவாகும். ஆகவே 300 கிலோ பீற்றூட்டைச் சுன்னாகம் சந்தைக்கோ மருதனார்மடம் சந்தைக்கோ கொண்டு செல்பவர், பெரிய வண்டியிற் சென்றால் 2000 கிலோ இரும்பையும் நாள்தோறும் சேர்த்துக் கொண்டு போய் வருகின்றார். அவ்விரும்பை இழுப்பதற்கும் டீசல் வேண்டும்.

போக வர 40 கிலோமீற்றர் எனவும், பெரிய வண்டி லீற்றருக்கு 10 கிலோமீற்றரும் சிறியது 16 கிலோமீற்றரும் ஓடும் எனவும் கொள்வோம். முன்னையதற்கு 4 லீற்றரும் பின்னையதற்கு 2½ லீற்றரும் செல்லும். ஆண்டுக்கு 200 முறை சென்றால் 300 லீற்றர் மிச்சம். ஆனால் ஏற்ற வேண்டியது 1000 கிலோவாயின் சிறிய லொறி இரு முறை போதல் வேண்டும். அதற்கு 5 லீற்றர் செல்லும், அரை நாளும் வீணாகும். எனவே வண்டியை மாற்ற எண்ணுவோர் முதலில் ஒரு காலபோகத்துக்கும் ஒரு சிறுபோகத்துக்கும் ஒரு கொப்பியை வைத்து, ஒவ்வொரு பயணத்தின் திகதி, பாரம், தூரம் ஆகியவற்றை எழுதி வருதல் வேண்டும். 750 கிலோவுக்கு மேற்பட்ட நாட்கள் ஆண்டிற் பத்துக்கு உட்பட்டனவாயின் மாறுதல் நன்று என்பது எமது கருத்து. அந்நாட்களில் லொறியொன்றை வாடகைக்குப் பிடிக்கலாம். வெட்டு இயந்திரம் வயலில் இறங்கினால் நெல் முழுவதும் ஓரிரு நாளிலேயே வந்து சேருகின்றது. அந்த இரண்டு நாளுக்காக ஆண்டு முழுவதும் பெரிய வண்டியை வைத்திருப்பது இலாபமன்று.

நெல் ஏற்றுவோர் இங்கு மிகக் கவனமாயிருத்தல் வேண்டும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. ஆகவே சிறிய லொறியின் முழுப் பாரமாகிய 750 கிலோ என்பது 36 புசலுக்கும் சற்றுக் குறைவே. இந்நெல்லை ஏழடி நீளமும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமுமுள்ள அதன் தட்டிற் பரப்பினால் ஒன்றரை அடி உயரந்தானும் வராது. தட்டு பாதி வெறுமையாக இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். வண்டியோ அதற்குள் நிறைந்துவிட்டது. பெரிய வண்டியிற் பழகியவர் அடுத்த அடுக்கு மூடைகளையும் ஏற்றிவிடுகின்றார். பாரம் இருமடங்கானால் சில்லுகளும் அச்சும் தாங்கா. பிறேக் அழுத்தினும் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாது. மூடைகள் உயர உயர, ஒடுங்கிய வண்டி வளைவுகளிற் சரிந்து விழவுங் கூடும். மூடைகளுக்கு மேல் வேலையாட்களும் ஏறிச் செல்வதைக் காண்கின்றோம். சரிந்த வண்டியின் அடியில் அகப்படுவோர் அவர்களே.

தண்ணீர்த் தாங்கியும் இவ்வாறே. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ ஆகையால், 1000 லீற்றர் தாங்கியை நிரப்பிச் சிறிய லொறியில் ஏற்றுதல் கூடாது. பாதி நிரப்பினாற் போதுமென நினைப்பதும் தவறு. பாதித் தாங்கியில் தண்ணீர் இரு பக்கமும் அலைந்து வண்டியை ஆட்டும். 500 லீற்றர் தாங்கியை வாங்கி அதனை முழுவதும் நிரப்புக.

மரக்கறிச் செய்கையாளருக்குச் சிறிய லொறி பெரிதும் ஏற்றது. பாரமான சுமைக்கென அமைந்த விற்தகடுகள் குறைந்த சுமையில் வளைந்து கொடுப்பதில்லை. அதனாற் பெரிய வண்டியிற் சிறிதளவு தக்காளியை ஏற்றினால் குழிகள் தோறும் அது துள்ளி நசுங்கும். தன் அளவுக்கேற்பச் சுமையேற்றிய சிறிய லொறியிற் குலுக்கம் குறையும். இரண்டடி நீளமான பிளாஸ்ரிக் கூடைகள் ஓரடுக்குக்குப் பத்தாக மூன்று அடுக்கு வைக்கலாம். கூடைக்கு 20 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 600 கிலோ. கூடைகளின் பாரத்தைச் சேர்த்தாலும் அளவுக்கு மேற்படாது. கோவா போன்றவை பாரத்துக்கு முன் இடத்தை நிரப்பிவிடும், அவற்றில் அச்சமில்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிற் பெரிய வண்டி திரும்ப மாட்டாமற் பின்னோக்கி வரும் தொல்லையும் இதிற் கிடையாது.

எனினும் சிறிய லொறியின் சில்லுகள் சிறியவை. பின்சில்லுகள் மாத்திரமே இயங்கும். மாரியில் வயற்பாதையில் இறக்கினால் புதையும். வண்டியைக் கல் வீதியிலேயே நிறுத்தி, மூடைகளை இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியிற் கொண்டு வந்து மாற்றுதல் நன்று. நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் ஏற்றமான பாதையில் நாள்தோறும் முழுப் பாரத்துடன் ஏறி இறங்குவோருக்கு இதனை நாம் சிபாரிசு செய்வதில்லை. சிறு எஞ்சின் ஏற்றத்தில் திணறும்; இறக்கத்திலோ பிறேக் சூடேறித் தன் பிடியை இழக்கும்.

இனிப் பணத்தைப் பற்றி. மேற்கூறிய மிச்சம் மாதத்துக்கு 25 லீற்றர் டீசலின் விலையே. அது லீசிங் தவணை கட்டப் போதாது. ஆகவே பெரிய வண்டியை விற்ற பணத்திற் பழைய கடனைத் தீர்த்து, எஞ்சியதில் சிறியதைக் கைக்காசுக்கு வாங்க முடியுமாயின் மாத்திரம் மாறுக. புதுக் கடன் பெற்று மாறுவோர் டீசலில் மிச்சம் பிடித்ததைத் தவணையிற் கொடுத்துவிடுவர்.

2020 ஆம் ஆண்டு தொடக்கம் 2025 ஆம் ஆண்டின் ஆரம்பம் வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், விற்பனைக்கு வரும் சிறிய லொறிகளுட் பல நெடுங்காலம் உழைத்தவை. வாங்குமுன் வண்டியின் அடியிற் குனிந்து, விற்தகடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலதிகத் தகடு சேர்க்கப்பட்டிருப்பின் அது மிகைப்பாரம் சுமந்த வண்டியென அறிக. சட்டத்திற் புதிய ஒட்டு வேலை உளதோ, பின்சில்லுகள் உட்புறமாகச் சாய்ந்துளவோ என்பனவற்றையும் நோக்குக. பதிவுச் சான்றிதழிலுள்ள மொத்தப் பாரத்திலிருந்து வெறும் பாரத்தைக் கழித்தால் வருவதே அவ்வண்டி சுமக்கத்தக்க அளவு; அதில் உடன் வருவோரின் பாரமும் அடங்கும். அவ்வெண்ணைத் தட்டின் உட்புறத்திற் பெரிய எழுத்தில் வர்ணத்தால் எழுதிவைத்தால், மூடை ஏற்றுவோரும் அதனைக் காண்பர்.