கிணறு வற்றியது, மலை ஏறினேன்

அந்தப் பங்குனியில் எங்கள் கிணற்றில் மோட்டார் இருபது நிமிசம்தான் ஓடியது. அதற்குமேல் காற்றைத்தான் இழுத்தது. ஒரு ஏக்கர் மல்லாட்டை பூவெடுத்து விழுது இறங்குகிற நேரம். ஊரில் எல்லாரும் பிடிக்கிற வழியைத்தான் நானும் பிடித்தேன். தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் புள்ளி பார்க்கிறவர் வந்தார். கொல்லையின் ஒரு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. "எழுநூறு அடி போவணும். தண்ணி கட்டாயம் வரும்" என்றார். போர் வண்டி, கேசிங் பைப், மோட்டார் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கணக்கு வந்தது. வீட்டில் அவங்க கழுத்தில் இருந்ததைக் கழற்றி, ஒரு வார்த்தை பேசாமல் பீரோவில் தனியாக எடுத்து வைத்துவிட்டாங்க. திங்கட்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

அதற்கு முந்தின சனிக்கிழமை, எங்களிடம் கிச்சிலிச் சம்பா அரிசி வாங்குகிற புதுச்சேரி நண்பர் வந்து இறங்கினார். மலை ஏறுவதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். "பனமலையும் செஞ்சிக் கோட்டையும் பாக்கணும். நீங்களும் கூட வாங்கண்ணே" என்றார். எங்கள் ஊர் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பிறந்து வளர்ந்து நாற்பத்தெட்டு வயசாகிறது. பனமலைக்குச் சின்னப் பிள்ளையில் ஒருதரம் போனதோடு சரி. கோட்டைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது பாதி ஏறிவிட்டுத் திரும்பியவன். மலை ஏறுவதெல்லாம் வேலை இல்லாதவங்க வேலை என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் இருந்தால் கிணற்றையே எட்டி எட்டிப் பார்க்கத் தோன்றும் என்பதால் கிளம்பினேன்.

பாறையில் கறுப்புக் கோடுகள்

பனமலை பெரிய மலை இல்லை. ஏரியை ஒட்டி நிற்கிற பாறைக் குன்று. வெயில் ஏறுமுன் மேலே போய்விட்டோம். உச்சியில் தாளகிரீசுவரர் கோயில். ராசசிம்மப் பல்லவன் கட்டியது. காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவனும் அவன்தான். ஏறத்தாழ 1,300 ஆண்டாக மழையையும் வெயிலையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துச் சிற்றறை ஒன்றின் சுவரில் பார்வதியின் ஓவியம் இருக்கிறது. ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி, குடை நிழலில் ஒயிலாக நிற்கிறாள். நிறம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. நண்பர் அதன் முன்னால் நகராமல் நின்றுவிட்டார்.

எனக்கு ஓவியத்தில் அவ்வளவு தெரியாது. நான் வெளியே வந்து பாறை ஓரத்தில் உட்கார்ந்தேன். 'தாலம்' என்றால் பனை. சாமி பெயரிலும் பனை, ஊர் பெயரிலும் பனை. கீழே ஏரி. நடுவில் கொஞ்சம் தண்ணீர் மினுக்கியது, ஓரமெல்லாம் வெடித்துக் கிடந்தது. அப்போதுதான் காலடிப் பாறையைக் கவனித்தேன். மேலிருந்து கீழே கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். மழைத் தண்ணீர் வருசா வருசம் வழிந்த தடத்தில் பாசி படிந்து காய்ந்த கறை அது. கோடு பிடித்தாற்போல் கண்ணை இறக்கினால், இரண்டு மூன்று கோடுகள் ஒரு மடிப்பில் சேர்ந்து, மடிப்பு ஒரு ஓடையாகி, ஓடை மலையடிக்கு இறங்கியது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் தரையில் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். அது பாறை உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது.

நண்பர் வந்ததும் காட்டினேன். அவர் கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். மண் என்றால் பாதியைக் குடித்துக்கொள்ளும். மொட்டைப் பாறை கொஞ்சமும் குடிக்காது, பெரும்பாலும் அப்படியே கீழே தள்ளிவிடும். பத்து ஏக்கர் பாறையில் ஐந்து சென்டிமீட்டர் மழை ஒரே ராத்திரியில் பெய்தால் 20 லட்சம் லிட்டர். "உங்க ஊர்லயும் ஒரு குன்று இருக்கேண்ணே, அது எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் நிழலில்தான் என் கொல்லை இருக்கிறது.

கோட்டைக்குள் தண்ணீர்

மறுநாள் விடியற்காலையில் செஞ்சி. ராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்து மதில். ராசகிரி தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி. படி செங்குத்தானது, வெயிலுக்கு முன் ஏறுகிறவர்களுக்குத்தான் அது மலை, பிறகு அடுப்பு. கையில் தின்பண்டம் வைத்திருந்தால் குரங்கு விடாது. உச்சிக்குப் போகுமுன் ஒரு பிளவைப் பாலத்தில் தாண்ட வேண்டும். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே எவனும் வர முடியாது.

2025 சூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். நாங்கள் ஏறியபோது அது இன்னும் நடக்கவில்லை. நண்பர் வேறு ஒரு கதை சொன்னார். 1690இலிருந்து 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. உள்ளே சத்திரபதி ராசாராம். எட்டு வருசம்! மதில் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், உள்ளே தண்ணியும் தானியமும் இல்லாமல் எட்டு மாசம்கூடத் தாங்க முடியாது என்பது உழவனுக்குத் தெரியும்.

அந்தக் கண்ணோடு பார்த்தபோது கோட்டை எனக்கு வேறாகத் தெரிந்தது. மலையடியில் செட்டிக்குளம், சக்கரகுளம். மேலே பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீர். கீழேயும் மேலேயும் தானியக் களஞ்சியம். மலையில் விழுகிற மழை எங்கே ஓடும், எங்கே நிற்கும் என்று நடந்து பார்த்துத்தான் குளம் வெட்டியிருக்கிறார்கள்.

உச்சியில் காற்று நன்றாக அடித்தது. பக்கமலைக் காடு நீலமாகத் தெரிந்தது. இந்தச் செஞ்சி மலைகளில் கிளம்புகிற சங்கராபரணி ஆறுதான் வீடூர் அணையை நிரப்பிப் புதுச்சேரி வரை போகிறது. "உங்க ஊர் தண்ணியும் எங்க மலையிலேருந்துதான் வருது தம்பி" என்றேன். சிரித்தார்.

அங்கே உட்கார்ந்துதான், தான் நடந்துவிட்டு வந்த மயோர்க்கா தீவைப் பற்றிச் சொன்னார். மத்தியதரைக் கடலில், எசுப்பானியாவைச் சேர்ந்த தீவு. அதன் வடமேற்கு ஓரம் முழுக்கத் திராமுந்தானா என்கிற மலைத்தொடர். படங்களைக் காட்டினார். மலைச்சரிவில் படிப்படியாகக் கல்வரப்பு. சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, களிமண்கூட இல்லை; கல்லின்மேல் கல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு படியிலும் ஆலிவ் மரம். பல நூற்றாண்டுக்கு முன் அரபியர் ஆண்ட காலத்திலிருந்து வந்த நீர் வாய்க்கால்களும் தொட்டிகளும் இன்னும் இருக்கின்றன. 2011இல் யுனெஸ்கோ அந்த மலைத்தொடரை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அது வெறும் இயற்கை அழகுக்காக இல்லை. உழவர்கள் கையால் உருவான நிலம் என்பதற்காக. 2018இல் சாந்தில்லாமல் கல் அடுக்கும் அந்தக் கைத்தொழிலையும், அது வழங்குகிற எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில், பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். உலகத்தின் பல மூலையிலிருந்தும் ஆட்கள் போய் அந்தக் கல்வரப்பு வழியே நாள்கணக்கில் நடக்கிறார்கள்.

"சாந்து இல்லாட்டி மழைக்கு இடிஞ்சிடாதா?" என்று கேட்டேன். "சாந்து இல்லாததாலதான் இடியலண்ணே. தண்ணி கல் இடுக்குல கசிஞ்சு போயிடுது. மண்ணு மட்டும் நின்னுடுது" என்றார். எங்கள் தாத்தா கொல்லை மேட்டில் அப்படித்தான் கல் அடுக்கியிருந்தார். டிராக்டர் திரும்ப இடம் வேண்டும் என்று அதைக் கலைத்தவன் நான்.

சின்னம்மா காட்டிய வழி

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சின்னம்மா ஆடு ஓட்டிக்கொண்டு வந்தது. எழுபது வயசு தாண்டியிருக்கும். எங்கள் குன்றைக் கல் கல்லாகத் தெரிந்த ஆள் ஊரில் அதுதான். "இன்னாடா, எழுநூறு அடி தோண்டப் போறியாம்ல? தண்ணி மேலேருந்து வருது, நீ கீழயே தோண்டிக்கினு இருக்க" என்றது. வேறொரு நாளாக இருந்தால் காதில் போட்டிருக்க மாட்டேன். "சின்னம்மா, எனக்கு மலையைக் காட்டறியா?" என்றேன். அது என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, "வெடிகாலம் வா" என்றது.

முன்பணத்தை ஒருநாள் தள்ளிப் போட்டுவிட்டு ஏறினோம். வெப்பாலை, உசிலை, காரை, சீத்தா, ஆவாரை என்று ஒவ்வொன்றாகச் சின்னம்மா தொட்டுக்கொண்டே போனது. பாறை வெடிப்பில் இச்சி மரம் வேர் விட்டிருந்த இடத்தில் நின்று, "இங்க குத்துனா ஈரம் இருக்கும்" என்றது. கொம்பால் குத்தினேன், இருந்தது. பங்குனி வெயிலில்! வேர் விட்ட வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. மரத்தை வெட்டினால் அந்த வழியையும் சேர்த்து அடைத்த மாதிரி.

பிறகு ஓடையோடு கீழே இறங்கினோம். மலையடியில் சரளையும் மணலும் கலந்த மேடு. எங்கள் கிணறுகளுக்குத் தண்ணீர் இறங்க வேண்டிய இடம் அதுதான். பாறைப் பூமியில் மேலாப்பில் இருக்கிற சிதைந்த பாறையும் வெடிப்பும்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதை நிரப்பாமல் எழுநூறு அடிக்குப் போனால், எப்போதோ இறங்கிய பழைய தண்ணீரைத்தான் உறிஞ்சுவோம். அதுவும் தீர்ந்தால் ஆயிரம் அடி.

அந்த மேட்டுக்கு முன்னாலேயே ஓடை நின்றுபோயிருந்தது. சில வருசத்துக்கு முன் மனை போட்டவர்கள் மண் சாலை அமைத்தபோது, குழாய் வைக்காமல் வாய்க்காலை மேடாக்கிவிட்டார்கள். குன்றின் தண்ணீர் எல்லாம் சாலையோரப் பள்ளத்தில் ஓடி வீணாகிக்கொண்டிருந்தது. தினமும் வண்டியில் அந்தச் சாலையில்தான் போகிறேன். கண்ணில் பட்டதே இல்லை. "இத எவன்கிட்டயாவது சொல்லலாம்னா, ஆடு மேய்க்கிறவ பேச்ச எவன் கேப்பான்?" என்றது சின்னம்மா. எனக்குப் பேச வாய் வரவில்லை.

போர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுலபமாக எடுத்த முடிவில்லை. அந்த மல்லாட்டையில் பாதியைத்தான் மூடாக்குப் போட்டுக் காப்பாற்ற முடிந்தது, பாதி காய்ந்தது. ஊரில் சிரித்தார்கள். வீட்டில் மட்டும் நகையை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டு, "ஒரு வருசம் பாக்கலாம்" என்றாங்க.

செய்த வேலை

கிராம வரைபடத்தில் அந்த வாய்க்கால் இருந்தது. 'அ' பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்றே இருந்தது. இரண்டையும் நகல் எடுத்து மே 1 கிராமசபையில் வைத்தோம். சின்னம்மாவையே எழுந்து பேசச் சொன்னோம். ஆடிக்குள் சாலைக்கு அடியில் குழாய் இறங்கியது.

ஓடையில் கல் தடுப்புகளை நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து போட்டோம். மேலிருந்து கீழாகத்தான் தொடங்க வேண்டும். கீழே முதலில் போட்டால் முதல் வெள்ளமே அடித்துக்கொண்டு போகும். அடியில் பெரிய கல், இடுக்கில் சின்னக் கல். இரண்டு அடிக்கு மேல் உயரம் வேண்டாம். இரு கரையிலும் கல்லைப் புதைத்து, நடுவில் தாழ்வாக விட வேண்டும்; தண்ணீர் நடுவில் வழியட்டும், கரையை அரிக்கக் கூடாது. சாந்து வேண்டாம். மேட்டில் 'ஏ' சட்டம் வைத்து மட்டம் பார்த்துச் சரிவுக்குக் குறுக்கே குழி எடுத்தோம். கரையெல்லாம் பனங்கொட்டை ஊன்றினோம். குன்று காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள். எங்களுடையது ஊராட்சிப் புறம்போக்கு, தீர்மானம் போட்டுச் செய்தோம்.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன பங்குனியில் மோட்டார் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. மழை நன்றாகப் பெய்ததும் ஒரு காரணம். முழுப் பெருமையையும் கல் தடுப்புக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் பக்கத்து மூன்று கிணறுகளிலும் தண்ணீர் நின்றது.

இப்போது வேறொரு கவலை. இந்த வட்டாரத்தில் குன்றுகளைச் சல்லிக்கும் எம்-சாண்டுக்கும் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் "மொட்டைப் பாறைதானே, எதுக்கு ஆவுது?" என்கிறார்கள். எங்கள் குன்று பத்து ஏக்கர் என்று அளந்து பார்த்துவிட்டோம். வருசத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டர் மழை என்றால் அதன்மேல் விழுவது நான்கு கோடி லிட்டர். அந்தப் பதிலை இப்போது ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்கிறார்கள். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறோம். முன்னால் நடப்பது சின்னம்மா.

உழவர் தோழர்களே, கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் உங்கள் ஊர்க் குன்றில் ஏறிப் பாருங்கள். ஆடு மேய்க்கிறவர் ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பாறையில் கறுப்புக் கோடு எங்கே சேருகிறது, ஓடை எங்கே இறங்குகிறது, எந்த இடத்தில் யார் மறித்திருக்கிறார்கள் என்று உங்கள் கிணறு வரைக்கும் நடந்தே வாருங்கள். போருக்கு முன்பணம் கொடுப்பதை அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.