எந்த ஊரில் வீடு பார்ப்பது?

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழ் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பலருடைய முன்னோர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள்.

அங்கே வாழும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டரை வயதுப் பெண் குழந்தை. கணவர் தாதரில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். காலை 10 மணிக்கு வேலை தொடங்கும். இரவு 8 மணிக்கு முடியும். மனைவி வீட்டிலேயே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறார்.

வீடு என்பது ஒரே அறை. அங்கே அதைக் 'கோலி' என்பார்கள். ஜன்னல் இல்லை. கழிப்பறை தெருக்கோடியில் இருக்கிறது. குழந்தைக்கு இருமல் விடவில்லை. "காற்று வரும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர்.

"என்னங்க, வேறே வீடு பார்ப்போமா?" என்று கேட்டார் மனைவி.

"இங்கே நமக்குக் கட்டாது. வெளியூர்ப் பக்கம்தான் போகணும். பத்லாபூர்ல வாடகை ரொம்பக் கம்மியாம்" என்றார் கணவர்.

"கம்மிதான். ஆனா நீங்க ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

கணவரிடம் உடனே பதில் இல்லை. நல்ல கேள்விதான். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று நாமும் பார்ப்போம்.

முதலில் ரயில் பாதை

மும்பையில் வேலைக்குப் போகிறவர்களில் மிகப் பலர் உள்ளூர் ரயிலை நம்பி வாழ்கிறார்கள். இந்தியாவில் பயணிகளுக்கான முதல் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று ஓடியது. அது மும்பையிலிருந்து தாணே வரை சென்றது. அந்தப் பாதையை ஒட்டித்தான் பிறகு பல புறநகர் ஊர்கள் வளர்ந்தன.

இன்று மூன்று முக்கியமான பாதைகள் உள்ளன. மேற்குப் பாதை சர்ச்கேட்டிலிருந்து வசாய், வீரார் பக்கம் போகிறது. மத்தியப் பாதை சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையத்திலிருந்து தாணே, டோம்பிவிலி, கல்யாண் போகிறது. கல்யாணில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் அம்பர்நாத்தும் பத்லாபூரும் இருக்கின்றன. மூன்றாவது துறைமுகப் பாதை. அது பன்வேல் வரை போகிறது.

வேலை எந்தப் பாதையில் இருக்கிறதோ அந்தப் பாதையிலேயே வீடு பார்ப்பது நல்லது. அந்தேரியில் வேலை செய்பவர் கல்யாணில் குடியிருந்தால் நடுவில் இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். நேரம் போகும். உடம்பும் களைத்துப் போகும்.

தாதரில் மேற்குப் பாதையும் மத்தியப் பாதையும் சந்திக்கின்றன. ஆகவே தையல்காரர் இரண்டு பக்கமும் தேடலாம். அவருக்குத் தெரிந்தவர்கள் மத்தியப் பாதையில் இருக்கிறார்கள். தாதரிலிருந்து தாணே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். டோம்பிவிலி 40 கிலோமீட்டர். கல்யாண் 45 கிலோமீட்டர். பத்லாபூர் 60 கிலோமீட்டர். பொதுவாகத் தூரம் கூடக் கூட வாடகை குறையும்.

வாடகை மட்டும் கணக்கு அல்ல

இப்போது கணக்குப் போடுவோம். இந்தத் தொகைகள் கணக்குப் புரிவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உண்மையான வாடகையை நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

பத்லாபூரில் ஒரு வீட்டுக்கு வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீடு நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் போக 20 ரூபாய், வர 20 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் ஆட்டோவுக்கு மட்டும் 1,040 ரூபாய்.

டோம்பிவிலியில் ஒரு வீட்டுக்கு வாடகை 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீடு நிலையத்துக்குப் பக்கம். நடந்து போய்விடலாம். ஆட்டோச் செலவு இல்லை.

வாடகையில் 2,000 ரூபாய் வித்தியாசம். அதில் ஆட்டோச் செலவு 1,040 ரூபாயைக் கழியுங்கள். மீதி 960 ரூபாய்தான். ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். தினமும் டிக்கெட் வாங்குவதைவிட அது மிகவும் மலிவு.

இனி நேரத்தைக் கணக்கிடுவோம்.

பத்லாபூர் வீட்டிலிருந்து நிலையம் வர 20 நிமிடம். கல்யாணுக்கு அப்பால் ரயில்கள் குறைவு. ஆகவே காத்திருக்க 15 நிமிடம். ரயிலில் ஏறத்தாழ 75 நிமிடம். தாதரில் இறங்கிக் கடைக்கு நடக்க 10 நிமிடம். மொத்தம் 2 மணி நேரம். போக வர 4 மணி நேரம்.

டோம்பிவிலி வீட்டிலிருந்து நடக்க 10 நிமிடம். காத்திருக்க 5 நிமிடம். விரைவு வண்டியில் ஏறத்தாழ 50 நிமிடம். கடைக்கு நடக்க 10 நிமிடம். மொத்தம் 75 நிமிடம். போக வர இரண்டரை மணி நேரம்.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். 26 நாளுக்கு 39 மணி நேரம்! 960 ரூபாயை மிச்சம் பிடிக்க 39 மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 25 ரூபாய்கூட வராது.

பத்லாபூரில் இருந்தால் அவர் காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டும். இரவு 10 மணிக்குத்தான் வந்து சேருவார். குழந்தை இரவு ஒன்பதரைக்குத் தூங்கிவிடும். அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் நன்றாகப் பார்க்கும். டோம்பிவிலியில் இருந்தால் ஒன்பதே காலுக்கு வந்துவிடுவார். கால் மணி நேரமாவது குழந்தையோடு பேசலாம், விளையாடலாம்.

அப்படியானால் பத்லாபூர் மோசமான ஊரா? இல்லை. அம்பர்நாத்திலும் பத்லாபூரிலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. அங்கே வேலை செய்பவருக்கு அதுதான் நல்ல ஊர். ஒரே ஊர் ஒருவருக்குப் பொருந்தும், இன்னொருவருக்குப் பொருந்தாது. ஒரே ஊரிலும் நிலையத்துக்குப் பக்கத்து வீடு வேறு, தள்ளி இருக்கும் வீடு வேறு.

அம்மாவின் வேலை, அக்கம்பக்கம்

இந்தக் கணக்கில் அம்மாவையும் சேர்க்க வேண்டும். தாராவியில் பொத்தான் தைக்கும் வேலை வீடு தேடி வருகிறது. புதிய ஊரில் வருமா? வராவிட்டால் அந்த வருமானம் நின்றுபோகும். வாடகையில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும்.

தாராவியில் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வார். புதிய ஊரில் யார் பார்ப்பார்கள்? தெரிந்தவர் ஒருவராவது இருக்கும் தெரு நல்லது.

தண்ணீர், மழை, கட்டடம்

வீடு பார்க்கப் போகும்போது புரோக்கர் சொல்வதை மட்டும் கேட்கக் கூடாது. அங்கே குடியிருக்கும் பெண்களைக் கேட்க வேண்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? எவ்வளவு நேரம் வரும்? கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டுமா? அதற்கு யார் பணம் கொடுப்பது?

மழைக்காலத்தைப் பற்றியும் கேளுங்கள். 2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை கொட்டியது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. 2019 ஜூலை 27 அன்று பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே ஒரு விரைவு ரயில் வெள்ளத்தில் சிக்கியது. ஏறத்தாழ 1,050 பயணிகளை மீட்டார்கள். ஆற்றங்கரை, பள்ளமான தெரு, சாக்கடை ஓரம் ஆகிய இடங்களில் கவனம் தேவை. சுவரின் கீழ்ப் பகுதியைப் பாருங்கள். தண்ணீர் நின்ற கறை இருந்தால் அது உண்மையைச் சொல்லிவிடும்.

கட்டடத்தையும் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரல் 4 அன்று தாணேயை அடுத்த மும்ப்ரா பக்கம் ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது. அனுமதி இல்லாமல் கட்டியது அது. கட்டி முடிப்பதற்கு முன்பே ஆட்கள் குடியேறியிருந்தார்கள். 74 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

ஆகவே புதுக் கட்டடம், குறைந்த வாடகை என்றதும் மகிழ்ந்துவிடக் கூடாது. மாநகராட்சி அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கட்டடம் என்றால் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு முன்பு மாநகராட்சிகள் ஆபத்தான கட்டடங்களின் பட்டியலை வெளியிடும். அதில் இந்தக் கட்டடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தொழிற்சாலை பக்கத்தில் இருக்கிறதா? டோம்பிவிலியில் 2016 மே 26 அன்றும் 2024 மே 23 அன்றும் ரசாயனத் தொழிற்சாலைகளில் வெடி விபத்து நடந்தது. உயிர்கள் போயின. சுற்றியிருந்த வீடுகளின் கண்ணாடிகள் நொறுங்கின. அந்த ஊரிலும் தொழிற்சாலைகளை விட்டுத் தள்ளி வீடு பார்ப்பதே நல்லது.

அங்கன்வாடி, ஊசி, பள்ளி

இந்தியாவில் அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அங்கே சத்துணவு கொடுப்பார்கள். எடை பார்ப்பார்கள். மூன்று வயது முதல் ஆறு வயது வரை விளையாட்டோடு பாடமும் உண்டு. புதிய வீட்டுக்குப் பக்கத்தில் அங்கன்வாடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழந்தை நடந்து போகும் தூரமா? நடுவில் பெரிய சாலையோ ரயில் தண்டவாளமோ இருக்கிறதா?

தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். ஊர் மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஐந்து வயதுக்கு மேல் போட வேண்டிய ஊசியும் உண்டு. அட்டை கையில் இருந்தால் நர்ஸ் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பிறகு பள்ளி. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி உரிமை. இந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. ஆனால் டோம்பிவிலியும் பத்லாபூரும் மும்பை மாநகராட்சிக்குள் இல்லை. எல்லா ஊரிலும் தமிழ்வழிப் பள்ளி இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த மொழியில் பாடம் நடத்துகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் எழுதுங்கள்

வாய்ப் பேச்சை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் 1999ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் எழுத வேண்டும். பதிவும் செய்ய வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரருடையது.

பெரும்பாலும் 11 மாதத்துக்கு எழுதுவார்கள். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவார், மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

ஒப்பந்தம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். மொழி தெரிந்த ஒருவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முழுவதும் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரில் முகவரி மாற்றவும், பள்ளியில் சேர்க்கவும் அது உதவும்.

அந்தக் குடும்பம் என்ன செய்தது?

கணவனும் மனைவியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஊருக்கும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை. ஒரு வேலை நாளில் காலை 8 மணிக்கும் கணவர் போய்ப் பார்த்தார். டோம்பிவிலியில் ரயிலில் கால் வைக்க இடமில்லை. ஆனால் அங்கிருந்தே புறப்படும் ரயில்களும் உண்டு என்று தெரிந்துகொண்டார். பத்து நிமிடம் முன்னால் வந்தால் அதில் ஏறலாம். கதவில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம்.

மனைவி குழாயடியில் பெண்களிடம் பேசினார். அங்கன்வாடிக்கு நடந்து பார்த்தார். ஒரு தையல் கடையில் பொத்தான் வேலை கிடைக்குமா என்று கேட்டார். "வாங்க, கொடுக்கிறோம்" என்றார்கள்.

டோம்பிவிலியில் நிலையத்துக்குப் பக்கத்தில், முதல் மாடியில், ஒரு ஜன்னல் வைத்த அறையைப் பிடித்தார்கள். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். முன்பணம் திருப்பித் தரும் நாள் அதில் இல்லை. அதை எழுதச் சொன்னார் மனைவி. எழுதிய பிறகுதான் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மும்பைக்கு மட்டும் அல்ல, பெங்களூருக்கும் தில்லிக்கும் பிழைக்கப் போகிறவர்களுக்கும் இதே கேள்விகள்தான். வீடு பார்க்கப் போகும் முன் இவற்றை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. வாடகையோடு பயணச் செலவையும் கூட்டினால் எவ்வளவு?

2. வேலைக்குப் போக வர எத்தனை மணி நேரம்?

3. தண்ணீர் எப்போது வரும்? மழையில் வெள்ளம் வருமா?

4. கட்டடத்துக்கு அனுமதி உண்டா? பக்கத்தில் ஆபத்தான தொழிற்சாலை உண்டா?

5. அங்கன்வாடி, மருத்துவமனை, பள்ளி எவ்வளவு தூரம்?

6. பேசியதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

7. குழந்தை தூங்குவதற்கு முன் அப்பாவும் அம்மாவும் வீடு வந்து சேர முடியுமா?