காபிக்கு முன்பே கார்ட்டூன்!

மும்பைத் தமிழர் வீடுகளில் காலைப் பொழுது மூன்று சத்தங்களுடன் தொடங்குகிறது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ஒன்று. குக்கர் விசில் இன்னொன்று. மூன்றாவது, கார்ட்டூன் படத்தின் சத்தம்.

முதல் இரண்டும் பழகிப்போன சத்தங்கள். மூன்றாவது வந்து சேர்ந்து ஒரு தலைமுறைக் காலம்தான் ஆகிறது. ஆனால் இன்று அது இல்லாமல் பிள்ளைக்குப் பல் துலக்க முடியாது, பால் குடிக்க வைக்க முடியாது, சட்டை மாட்ட முடியாது என்ற நிலை பல வீடுகளில் ஏற்பட்டு இருக்கிறது.

இது நல்லதா, கெட்டதா என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. ஆனால் ஒரே அறையில் குடும்பம் நடத்தும் ஒரு தாயிடம் போய் அந்தப் பதிலைச் சொல்வது அவ்வளவு எளிது அல்ல.

தண்ணீர் வரும் நேரம்

தாராவியை எடுத்துக்கொள்வோம். 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் பல குடும்பங்களுக்கு ஒரே அறைதான் வீடு. அடுப்பு அங்கேதான். படுக்கை அங்கேதான். டெலிவிஷனும் அங்கேதான்.

குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். அதற்குள் குடம், வாளி, டிரம் எல்லாவற்றையும் நிரப்பியாக வேண்டும். அதே நேரத்தில் கணவருக்கு டப்பா கட்ட வேண்டும். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இட்லி வியாபாரம் செய்யும் குடும்பங்களில் ஊர் உறங்கும்போதே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். இட்லியும் சட்னியும் பாத்திரத்தில் ஏறி, சைக்கிளில் ஹாரன் அடித்தபடி புறப்பட்டால்தான் அன்றைய பிழைப்பு.

இந்த நேரத்தில் 2 வயதுக் குழந்தை விழித்துக்கொண்டால் என்ன செய்வது? வெளியே விட்டால் சாக்கடையும் மோட்டார் சைக்கிளும். உள்ளே விட்டால் கொதிக்கும் பாத்திரம். சொந்த ஊர் என்றால் திண்ணையில் பாட்டி இருப்பாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வாள். இங்கே பாட்டி இல்லை. அந்தப் பாட்டியின் இடத்தில்தான் டெலிவிஷன் உட்கார்ந்து இருக்கிறது.

மாட்டுங்காவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பல வீடுகளில் தாத்தா, பாட்டி உண்டு. ஆனால் தாத்தாவுக்குக் காலைச் செய்தி வேண்டும். பாட்டிக்குப் பக்திப் பாட்டு வேண்டும். பேரனுக்குக் கார்ட்டூன் வேண்டும். ரிமோட் ஒன்றுதான். சண்டையைத் தீர்க்கப் பேரன் கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறார்கள். டெலிவிஷனாவது எட்ட இருந்தது. செல்போன் மூக்கின் முன்னாலேயே வந்துவிட்டது.

செம்பூரில் உர ஆலைக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இரவு ஷிப்டு முடிந்து வந்த தகப்பனார் தூங்க வேண்டும். பிள்ளை சத்தம் போடக்கூடாது. அதற்கும் மருந்து டெலிவிஷன்தான்.

மாலைப் பெட்டி காலைப் பெட்டி ஆனது எப்படி?

பம்பாயில் டெலிவிஷன் நிலையம் 1972-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தொடங்கப்பட்டது. டெல்லிக்கு அடுத்தபடியாக இந்த நகருக்குத்தான் டெலிவிஷன் வந்தது. அப்போது அது மாலை நேரத்துப் பெட்டி. சாலில் ஒரு வீட்டில் டெலிவிஷன் இருந்தால், மாலையில் அந்த வீட்டு வாசலில் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடும். காலையில் அது துணி போர்த்திய மரப்பெட்டிதான்.

1987-ம் ஆண்டு அந்த வழக்கம் மாறியது. ஜனவரி 25-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் தொடர் தொடங்கியது. அதே ஆண்டில் தூர்தர்ஷன் வார நாட்களிலும் காலை ஒளிபரப்பைக் கொண்டுவந்தது. 1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி மகாபாரதம் தொடங்கியது. ஞாயிறு காலையில் சீக்கிரம் குளித்துவிட்டு டெலிவிஷன் முன்னால் உட்காரும் வழக்கம் வீட்டுக்கு வீடு பரவியது.

தமிழ்க் குடும்பங்களுக்கு அடுத்த திருப்பம் 1993-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி வந்தது. அன்றுதான் சன் டி.வி. தொடங்கியது. கேபிள் வழியாக மும்பைச் சந்துகளிலும் தமிழ் பேசும் டெலிவிஷன் வந்தது. 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. 2007-ல் தமிழ்க் குழந்தைகளுக்கென்றே சுட்டி டி.வி. வந்தது. பிள்ளைகளுக்கான படம் காலை, மாலை என்று பாராமல் ஓடத் தொடங்கியது.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது பள்ளிக்கூடம், பால்வாடி எல்லாம் மூடப்பட்டன. பழைய ராமாயணம் காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் திரும்ப ஒளிபரப்பானது. பள்ளிப் பாடமே செல்போனில் வந்தது. ஊரடங்கு போய்விட்டது. அப்போது பிள்ளைகள் கையில் ஏறிய செல்போன் இறங்கவில்லை.

வேர் எங்கே?

காலையில் டெலிவிஷன் போடாவிட்டால் பிள்ளை அழுகிறது, சாப்பிட மறுக்கிறது என்று தாய்மார்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பிள்ளை ஏன் அழுகிறது? டெலிவிஷன் இல்லாததால் மட்டும் அல்ல. தூக்கம் போதாததால்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான அறிவுரையை வெளியிட்டது. அதன்படி 1 முதல் 2 வயது வரை உள்ள குழந்தை ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். 3, 4 வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை. பகல் தூக்கமும் இந்தக் கணக்கில் சேரும்.

இதை நம் வீட்டுக் கடிகாரத்தில் வைத்துப் பார்க்கலாம். காலை 7 மணிப் பள்ளிக்காக 4 வயதுப் பிள்ளை 6 மணிக்கு எழுந்திருக்கிறது. பகலில் ஒரு மணி நேரம் தூங்குகிறது. அப்படியானால் இரவு 9 மணிக்குள் அது உறங்கியாக வேண்டும். அப்போதுதான் குறைந்த அளவான 10 மணி நேரம் கிடைக்கும்.

ஆனால் 9 மணிக்கு வீட்டில் சீரியல் ஓடுகிறது. ஒரே அறை. விளக்கும் எரிகிறது. பிள்ளை 11 மணிக்குத்தான் கண்ணை மூடுகிறது. ஒரு நாளைக்கு 2 மணி நேரம் கடன். வாரத்தில் 6 பள்ளி நாட்கள் என்றால் 12 மணி நேரக் கடன். ஓர் இரவு முழுவதும் தூங்காமல் இருந்ததைவிட அதிகம்!

கடன்பட்ட பிள்ளை காலையில் சிணுங்குகிறது. சிணுங்கலை அடக்க டெலிவிஷன். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதால், வயிறு நிறைந்ததா, இல்லையா என்பதே பிள்ளைக்குத் தெரிவது இல்லை. ஒரு தோசைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பிறகு அவசரம், அடி, அழுகை. செக்கு மாடுபோல இந்தச் சுற்று மறுநாளும் தொடர்கிறது.

ஆகவே காலைத் தகராறுக்கு வேர் காலையில் இல்லை. முன்னிரவில் இருக்கிறது.

அரசு போட்ட உத்தரவு

இந்தப் பிரச்சினை மராட்டிய அரசின் காதுக்கும் எட்டியது. பிள்ளைகள் இரவில் வெகுநேரம் விழித்திருப்பதால் பள்ளி நேரத்தை மாற்ற வேண்டும் என்று அப்போதைய கவர்னர் ரமேஷ் பாயிஸ் 2023 டிசம்பரில் யோசனை கூறினார். 2024-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி அரசு உத்தரவு வந்தது. மழலையர் வகுப்பு முதல் 4-ம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன்பு தொடங்கக்கூடாது என்றும், 2024-25 கல்வி ஆண்டு முதல் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது.

நல்ல உத்தரவுதான். ஆனால் மும்பையில் பல பள்ளிகளில் கட்டிடம் ஒன்று, ஷிப்டு இரண்டு. சிறிய வகுப்புகளைத் தள்ளி வைத்தால் பெரிய வகுப்புகளை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி எழுந்தது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் சிக்கல். 8 மணிக்கு வீட்டைப் பூட்ட வேண்டியவர்கள் 9 மணி வரை பிள்ளையை யாரிடம் விடுவது?

இன்னொன்றும் உண்டு. பள்ளி 2 மணி நேரம் தள்ளிப் போனால், வீட்டு டெலிவிஷனும் இரவில் 2 மணி நேரம் கூடுதலாக ஓடுமானால், பிள்ளைக்கு லாபம் ஒன்றும் இல்லை. அரசு காலைக் கடிகாரத்தைத்தான் மாற்ற முடியும். இரவுக் கடிகாரம் வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது.

டெலிவிஷன் தமிழ் கற்றுத் தருமா?

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் இன்னொரு கவலை உண்டு. தெருவில் இந்தி. கடையில் மராத்தி. பள்ளியில் ஆங்கிலம். பிள்ளையின் காதில் தமிழ் விழ டெலிவிஷனை விட்டால் வழி ஏது என்று பலர் எண்ணுகிறார்கள். நியாயமான எண்ணம்தான். ஆனால் கைக்குழந்தை விஷயத்தில் அது பலிப்பது இல்லை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா குல் என்ற விஞ்ஞானி செய்த சோதனை 2003-ல் வெளியானது. 9 மாதக் குழந்தைகள் சிலருடன் சீன மொழி பேசுவோர் நேரில் உட்கார்ந்து, கதை படித்து, பொம்மை வைத்து விளையாடினார்கள். 25 நிமிடம் வீதம் 12 முறை இப்படி நடந்தது. வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு டெலிவிஷனில் காட்டப்பட்டது.

நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்து அறிந்தன. டெலிவிஷனில் பார்த்த குழந்தைகளிடம் அந்தத் திறமை வரவில்லை. பேச்சு ஒன்றுதான். பேசிய ஆட்களும் ஒன்றுதான். ஆனால் திரையில் இருப்பவர் குழந்தையின் கண்ணைப் பார்ப்பது இல்லை. அது "ங்கா" என்றால் பதில் சொல்வதும் இல்லை.

3 வயதுக்கு மேல் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. நல்ல நிகழ்ச்சியில் இருந்து எழுத்தும் எண்ணும் சொல்லும் கற்றுக்கொள்ள முடியும். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, "அது என்ன? ஏன் ஓடுகிறது?" என்று கேட்டால் பலன் கூடும்.

நம் "ழ" வும் அப்படித்தான். பெட்டி நாள் முழுவதும் "வாழைப்பழம்" என்று சொன்னாலும், பிள்ளை சொல்வது "வாலப்பலம்" என்றால் அதற்குத் திருத்தத் தெரியாது. பழத்தை உரித்துக் கையில் கொடுத்துக்கொண்டே தாய் சொன்னால்தான் நாக்கு மடங்கும்.

என்ன செய்யலாம்?

டெலிவிஷனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நாள் முழுவதும் உழைக்கும் பெண்களுக்கு அது ஒன்றுதான் பொழுதுபோக்கு. நடக்கக்கூடியதைச் சொல்ல வேண்டும்.

2 வயது வரை டெலிவிஷன், செல்போன் இரண்டும் வேண்டாம். 2 முதல் 5 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் கூறியிருக்கிறது. ஊரில் உள்ள தாத்தா, பாட்டியுடன் வீடியோவில் பேசுவது இந்தத் தடையில் சேராது. தாராளமாகப் பேசலாம்.

அந்த ஒரு மணி நேரத்தை எங்கே வைப்பது என்பதுதான் சாமர்த்தியம். தண்ணீர் பிடிக்கும் அரை மணி நேரம் தவிர்க்க முடியாதது என்றால் அதை அங்கே வைக்கலாம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். தூங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலும் வேண்டாம்.

இரவு சீரியலை விட முடியாது என்றால், சத்தத்தைக் குறைத்து, விளக்கை அணைத்து, பிள்ளையைத் திரைக்கு முதுகு காட்டிப் படுக்க வைக்கலாம். சீரியலை மறுநாள் பகலில் செல்போனில் பார்க்கவும் இப்போது வசதி இருக்கிறது. பிள்ளையின் தூக்கத்துக்கு மறு ஒளிபரப்பு கிடையாது.

தாராவித் தாய்மார்களுக்கு இன்னொரு துணையும் உண்டு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. அந்த 33-ல் தாராவியும் ஒன்று. அதன் அங்கன்வாடிகளில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உணவும் விளையாட்டும் பாட்டும் கிடைக்கின்றன. பக்கத்துத் தெருவில் இருந்தும் பிள்ளையை அனுப்பாமல் வீட்டில் டெலிவிஷன் முன் உட்கார வைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

கடைசியாகத் தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. கோட்டைப் பகுதி ஆபீசில் வேலை முடித்து, லோக்கலில் நசுங்கி, இரவு 9 மணிக்கு வீடு திரும்புகிறவர், பிள்ளை விழித்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது இயற்கை. அந்த ஆசைக்காகவே பல வீடுகளில் பிள்ளையை 10, 11 மணி வரை டெலிவிஷன் காட்டி விழிக்க வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையைத் தூங்க விடுங்கள். நன்றாகத் தூங்கிய பிள்ளை காலையில் தானாக எழுந்து வரும். உங்களுக்கு லோக்கல் பிடிக்க இன்னும் 20 நிமிடம் இருக்கும். பெட்டியை நிறுத்திவிட்டு, ஒரு வாய் இட்லியை நீங்கள் ஊட்டுங்கள். நேற்று ரெயிலில் என்ன பார்த்தீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள். அது எதிர்க் கேள்வி கேட்கும். பதில் சொல்லுங்கள். எந்தச் சேனலிலும் கிடைக்காத நிகழ்ச்சி அது.