வாய்க்காலை விட்டு எங்கே போவது?

நாம் தினமும் புழங்கும் ஒரு செயலியின் நிர்வாகம் நமக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்தால் நாம் என்ன செய்யலாம்? "பிடிக்கலேன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது அவ்வளவு சுலபமா என்று பார்ப்போம்.

2021 ஜனவரி. நான் எட்டாம் வகுப்பு. கொரோனாவால் பள்ளி பூட்டிக் கிடக்க, பாடமெல்லாம் அப்பாவின் போனில் வாட்ஸ்அப் வழியாகத்தான் வந்தது. எங்கள் ஊர் விவசாயிகள் குரூப்பும் அதில்தான். அந்தப் பொங்கல் சமயத்தில் டெல்டாவில் கொட்டிய மழையில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்துவிட்டது. சாய்ந்த கதிரைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏண்டா தம்பி, ஏதோ இங்கிலீஷ்ல வருது. சம்மதம்னு அமுக்கலேன்னா வாட்ஸ்அப் போயிடுமாமே, அமுக்கவா?" எனக்கும் ஒன்றும் புரியவில்லை. "அமுக்குங்க பெரியப்பா" என்றேன்.

அதில் என்னதான் இருந்தது? வாட்ஸ்அப்பை 2014-ல் முகநூல் நிறுவனம் வாங்கியது. நம் செய்திகள் பூட்டப்பட்டே போகின்றன. நிறுவனம் அவற்றைப் படிக்க முடியாது. ஆனால் கடிதத்தைப் பிரிக்காமலேயே உறையின் மேல் உள்ளதைக் குறித்துக்கொள்ளலாம் அல்லவா? நம் போன் எண், கருவியின் விவரம், எந்த வியாபார நிறுவனத்தோடு பேசுகிறோம் போன்ற தகவல்கள் அப்படிப்பட்டவை. 2016-ல் இவற்றை முகநூலோடு பகிரத் தொடங்கியபோது, மறுக்க விரும்பியவர்களுக்கு 30 நாள் அவகாசம் இருந்தது. 2021-ல் அந்த வாய்ப்பும் இல்லை. பிப்ரவரி 8-க்குள் சம்மதி, இல்லாவிட்டால் வெளியேறு!

மக்கள் கொதித்தார்கள். சிக்னல், டெலிகிராம் என்று கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். கூட்டம் தாங்காமல் ஜனவரி 15 அன்று சிக்னலே படுத்துவிட்டது! அதே நாளில் வாட்ஸ்அப் தன் கெடுவை மே 15-க்குத் தள்ளிவைத்தது. மே மாதத்திலும் சம்மதிக்காதவர்களின் கணக்கு நீக்கப்படவில்லை. ஆனால் கொள்கை மட்டும் வாபஸ் ஆகவில்லை.

எங்கள் ஊரிலும் நான்கு பேர் சிக்னலுக்குப் போனார்கள். அங்கே பேச ஆளில்லை. மாசி பிறப்பதற்குள் நான்கு பேரும் திரும்பிவிட்டார்கள். இதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. 200 பேர் உள்ள குரூப்பில் இருவர் இருவராகச் சேர்த்தால் 19,900 தொடர்புகள். ஒருவர் வெளியேறினால் நிறுவனத்துக்கு நஷ்டம் ஒரே ஒரு கணக்கு. வெளியேறியவருக்கோ 199 தொடர்புகள் போச்சு! தனியாக வெளியேறுவது நம்மையே தண்டித்துக்கொள்வதாக முடிவது இதனால்தான்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. இதே முகநூல் நிறுவனம் 2015-ல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து, பின்னர் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாறிய இலவசத் திட்டத்தைத் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கியது. தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும் இலவசம். எந்த வயலுக்குத் தண்ணீர் என்று மதகுக்காரனே முடிவு செய்வதா என்று இணையப் பயனாளிகள் எதிர்த்தார்கள். அவர்கள் நிறுவனத்தோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை. அதற்கு மேலே இருந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு (டிராய்) எழுதினார்கள். ஆதரித்து எழுதும்படி முகநூலும் தன் பயனாளிகளைத் தூண்டிப் பார்த்தது. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் கட்டணத்தில் பேதம் காட்டக் கூடாது என்று டிராய் உத்தரவிட்டது. அந்த வாரமே திட்டம் இந்தியாவில் கைவிடப்பட்டது.

வாட்ஸ்அப் விஷயமும் அப்படித்தான் மேலே போனது. 2016-லேயே டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர்கள் நம்மைப் போன்ற இரண்டு மாணவர்கள்! 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாக மெட்டாவுக்கு (முகநூலின் புதிய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தாலும், விளம்பரத்துக்காகத் தகவல் பகிர்வதற்கு இருந்த ஐந்தாண்டுத் தடையை நீக்கிவிட்டது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்தது.

தஞ்சைக்காரர்களுக்கு இது புதுப் பாடமா என்ன? தண்ணீர் வரவில்லை என்று வயலைத் தூக்கிக்கொண்டு வேறு ஆற்றங்கரைக்குப் போக முடியுமா? தஞ்சை விவசாயிகளின் சங்கம் ஒன்று 1983-ல் உச்ச நீதிமன்றம் போனது. ஏழு வருஷம் கழித்து, 1990-ல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. விட்டுப் போக முடியாதவர்களுக்குச் சேர்ந்து நிற்பதும், மேலே போய்க் கேட்பதும்தான் வழி.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை 'சம்மதம்' என்று திரையில் வந்தால் அமுக்கும் முன் படியுங்கள். பிடிக்காவிட்டால் தனியாகக் கோபித்துக்கொள்ளாமல் நாலு பேரைச் சேருங்கள். எந்த ஆணையத்துக்கு எழுதலாம் என்று தேடுங்கள். கூடவே, குரூப்பில் உள்ளவர்களின் எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கள் ஊர் குரூப்பின் 200 எண்களும் இப்போது பெரியப்பா வீட்டு நோட்டில் இருக்கின்றன. என்றாவது கிளம்ப வேண்டி வந்தால், எல்லோரும் சேர்ந்தே கிளம்பலாம்!

— இறுதியாண்டு மாணவர், கணினிப் பொறியியல் துறை